ஆம்பூர் வழியாக வட துருவக் கடலடிக்கு

காலை மணி 6.40. வேலூர் பேருந்து நிலையத்தில் திருப்பத்தூர் வண்டியில் ஏறி, மூன்றாவது வரிசையில் சன்னலோரம் இடம் பிடித்தேன். மடியில் கைப்பை. தோளில் சாய்த்தபடி ஐந்தரை அடி நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். வீட்டில் கழிவுநீருக்குப் போடுவார்களே, அந்த நாலு இஞ்சுக் குழாய்தான். முந்தின நாள் சாயங்காலம் லாங் பஜாரில் தள்ளுவண்டிகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே அதைத் தூக்கிக்கொண்டு வந்தபோது இரண்டு பேரை இடித்தேன், ஒருவரிடம் நன்றாகத் திட்டு வாங்கினேன். குழாய் அறுபது ரூபாய், இரண்டு பக்கத்துக்கும் மூடி தனியாகப் பத்து ரூபாய்.

குழாய்க்குள் இருந்தது வட துருவக் கடலின் தரை.

நடத்துநர் வந்தார். என்னைப் பார்க்கவில்லை, குழாயைத்தான் பார்த்தார்.

"இன்னாம்மா பைப்பு? லக்கேஜ் போடணும்."

"வெறும் பைப்பு இல்லீங்க, உள்ள படம் இருக்கு."

"இன்னா படம், சாமி படமா?"

"கடல் படம்."

"கடலுக்கெல்லாம் இன்னா ரேட்டுன்னு எங்க டிப்போல சொல்லல. பைப்புக்கு ஒரு அரை டிக்கெட் எடுத்துக்குங்க."

வேலூரிலிருந்து ஆம்பூர் ஐம்பது கிலோமீட்டர். எனக்குப் பதினைந்து ரூபாய், துருவக் கடலுக்கு ஏழரை ரூபாய். அந்தக் கடலை அளக்கப் போன கப்பலுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும் என்று யோசித்தேன். மலிவாகத்தான் முடிந்தது.

இது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, பிப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் புவியியல் பாடம் நடத்துகிறவள். வயது நாற்பத்தொன்று. ஒன்பது வருடமாகப் பகுதிநேர ஆராய்ச்சி மாணவி என்பது இன்னொரு அடையாளம், அதை வீட்டில் யாரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை. "பாலாத்துலயே தண்ணி இல்ல, இவ துருவக் கடல்ல ஆராய்ச்சி பண்றா" என்று என் வீட்டுக்காரர் விருந்தாளிகள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். முதல் இரண்டு வருடம் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

மணி 7.15. பொய்கை தாண்டி வண்டி நகர மறுத்தது. நெடுஞ்சாலையை நான்கு வழியாக அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்து இருக்கையில் ராத்திரி வேலை முடித்து வீடு திரும்பும் ஒரு நர்ஸம்மா. பள்ளிகொண்டாவில் இறங்குகிறவர். தூக்கக் கண்ணோடு குழாயைப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டார். கேட்டவர்களை நான் சும்மா விடுவதில்லை.

ஒரு காலத்தில் பூமி இப்போதைவிட மிகவும் குளிர்ந்து கிடந்தது. வடக்கே நிலத்தின் மேல் படிந்த பனி, மலை கனத்துக்குப் பாளமாகி, கடலுக்குள்ளும் இறங்கியது. மிதக்கவில்லை, கனம் தாங்காமல் கடலின் தரையைத் தொட்டுக்கொண்டு நகர்ந்தது. அடியில் மாட்டிய கல்லும் பனியும் கடலடிச் சேற்றை நீள நீளமாக உழுதுகொண்டே போயின. பிறகு சூடாயிற்று, பனி உருகிப் போய்விட்டது. கீறல் மட்டும் தண்ணீருக்கு அடியில் அப்படியே இருக்கிறது. கப்பலிலிருந்து ஒலியைக் கீழே அனுப்பி, எதிரொலி திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிட்டால் ஆழம் தெரியும். வரிசை வரிசையாகக் கப்பலை ஓட்டி அளந்தால் தரை முழுவதும் படமாக வந்துவிடும். வெளிநாட்டுக் கப்பல் ஒன்று நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு வடக்கே அப்படி அளந்த கணக்கு எனக்கு சிடியில் கிடைத்தது. அதில் ஒரு மூலையில், மற்றவர்கள் சொல்லாத ஒரு திசையில் பனி நகர்ந்திருக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சியின் நாலாம் அத்தியாயம்.

நர்ஸம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அங்க போய்ட்டு வந்தீங்களா?"

"இல்லைம்மா. கம்ப்யூட்டர்ல பார்த்ததுதான்."

"எங்க டாக்டருங்க ஆளப் பாக்காம மருந்து எழுத மாட்டாங்களே" என்றார், மிகவும் அன்பாக.

சுருக்கென்று இருந்தது. ஏனென்றால் கிட்டத்தட்ட இதையேதான் என் புறத்தேர்வாளரும் எழுதியிருந்தார். ஆய்வேட்டைப் படித்துத் தீர்ப்புச் சொல்லும் வெளியூர்ப் பேராசிரியர் அவர். கப்பலில் பல வருடம் வேலை பார்த்தவர். அவருடைய அறிக்கையில் ஒரு வாக்கியம் எனக்கு மனப்பாடம்: இந்தக் கோடுகள் பனி போட்டவை அல்ல, கப்பல் போட்டவை. கப்பல் போய்வந்த பட்டைகளை ஒட்டவைக்கும்போது ஓரங்களில் பொய்க்கோடுகள் விழும், உண்மைதான். என் கோடுகளும் கப்பல் போன திசையிலேயே ஏறக்குறைய ஓடின, அதுவும் உண்மைதான். வாய்மொழித் தேர்வில் நிரூபியுங்கள், இல்லையேல் நாலாம் அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள் என்று முடித்திருந்தார். தேர்வு வியாழக்கிழமை, சென்னையில். நாலாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது நூலகத்தில் பார்த்து எழுதியது. அதற்குப் பட்டம் கொடுத்தாலும் எனக்கு வாங்கிக்கொள்ள வெட்கமாக இருக்கும்.

நிரூபிக்க என்னிடம் புதிதாக எதுவும் இல்லை. படத்தையாவது பெரிதாக, மடிப்பில்லாமல் மாட்டிவிட்டு, வருவது வரட்டும் என்று நின்றுவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். கல்லூரி அச்சுப்பொறியில் பெரிய தாளில் இருபது துண்டுகளாக அடித்தேன். பாதியில் நீல மை தீர்ந்துவிட்டது. புது மை வாங்க அலுவலகத்தில் மூன்று கையெழுத்து வேண்டும். போகட்டும் என்று நிறத்தை மாற்றி, கடல் முழுவதையும் காப்பிப்பொடி நிறத்தில் அச்சிட்டேன். இந்தச் சின்ன விஷயத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மணி 8.25. ஆம்பூர். நிறுத்தத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே தோல் வாசனை வண்டிக்குள் வந்துவிடும், தூங்குகிறவர்கள் எழுந்து பையை எடுப்பார்கள். யாரும் எழுப்ப வேண்டியதில்லை. ஷேர் ஆட்டோவில் துத்திப்பட்டுப் பக்கம் நாலு ரூபாய். குழாய் வெளியே நீட்டிக்கொண்டு வந்ததால் எதிரே வந்த சைக்கிள்காரர்கள் எல்லோரும் ஓரம் ஒதுங்கினார்கள்.

என் சித்தி மகன் ஜேக்கப் அங்கே ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஷூவின் மேல் தோலுக்கு உள்பக்கமாகத் துணி ஒட்டும் பிரிவு அவனுடையது. இருபது தாளையும் ஒரே துணியில் ஒட்டித் தர இந்த மாவட்டத்தில் அவனைவிட்டால் ஆள் இல்லை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கம்பெனியின் பெயரை எழுதவில்லை.

"அக்கா, இன்னா இது, தண்ணி கனெக்‌ஷன் குடுக்க வந்தியா?" என்று வாசலிலேயே ஆரம்பித்தான்.

"வாயை மூடிட்டு டேபிளைக் காட்டு."

காட்டினான். நானும் அவனும் இரண்டு பெண்களுமாகத் தாள்களின் வெள்ளை ஓரத்தை வெட்டி, கோட்டுக்குக் கோடு பொருத்தி, துணியில் பரப்பினோம். தாளிலும் துணியிலும் சொல்யூஷன் தடவி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். தப்பினால் மறுபடி எடுக்க முடியாது. நான் மூச்சையே விடவில்லை. அந்தப் பெண்கள் சரளமாகப் பேசிக்கொண்டே இருபதையும் ஒட்டி முடித்தார்கள். ஒரு இடத்தில் கூட சுருக்கம் இல்லை. ஐந்தரை அடிக்கு ஐந்தடி, ஒரு முழு மாட்டுத் தோலின் அளவு.

"இங்க கிடந்தா சொல்யூஷன் கொட்டிடும். பக்கத்து ரூம்ல பெரிய டேபிள் இருக்குக்கா, அங்க காயட்டும்" என்றான் ஜேக்கப். வடக்குச் சன்னலோரம் சாய்வான ஒரு நீள மேசை. நல்ல வெளிச்சம். நான்கு மூலையிலும் லாஸ்ட்டை, அதாவது ஷூ தைக்கும்போது உள்ளே வைக்கிற கால் அச்சை, பாரமாக வைத்துவிட்டுச் சாப்பிடக் கிளம்பினோம்.

மணி 12.30. ஆம்பூர் போனவர்கள் பிரியாணியைப் பற்றி நான்கு பக்கம் எழுதாமல் திரும்புவதில்லை. நானும் சாப்பிட்டேன். முப்பது ரூபாய். நன்றாக இருந்தது.

மணி 1.20. திரும்பி வந்து அந்த அறைக்குள் நுழைந்தேன். என் கடலின் மேல் ஒருவர் குனிந்து நின்றிருந்தார். காக்கிச் சட்டை, காதில் ஒரு பென்சில், கையில் தடித்த மஞ்சள் கிரேயான். படத்தில் ஏற்கெனவே முப்பது இடத்துக்கு மேல் வட்டம். என் கண் முன்னாலேயே இன்னொன்று போட்டார்.

நான் போட்ட சத்தத்தில் தையல் மிஷின்கள் நின்றுவிட்டன என்று ஜேக்கப் பிற்பாடு சொன்னான். என்ன கத்தினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. ஒன்பது வருஷம் என்ற வார்த்தை மட்டும் நாலைந்து தடவை வந்தது.

அவர் கிரேயானைக் கீழே வைத்தார். பயப்படவில்லை, கோபப்படவும் இல்லை. குழம்பிப்போயிருந்தார்.

"டேபிள்ல இருந்துச்சி மேடம். இந்த டேபிள்ல எது இருந்தாலும் செலக்‌ஷன் பாக்குறது என் வேலை."

அவர் பெயர் முனிரத்தினம். அந்தக் கம்பெனியின் செலக்டர். தோல் பதனிடும் டேனரியிலிருந்து வரும் ஒவ்வொரு தோலையும் இந்த மேசையில் விரித்து, கீறல், தழும்பு, உண்ணி கடித்த இடம் எல்லாவற்றையும் வட்டம் போட்டுக் காட்டுவது அவர் வேலை. ஷூவுக்குத் துண்டு வெட்டுகிறவர்கள் அந்த வட்டங்களைத் தவிர்த்து வெட்டுவார்கள். காப்பிப்பொடி நிறம், மாட்டுத் தோல் அளவு, அடியில் துணி, மேலே கீறல். ஷூ வாங்குகிற எந்தப் பையரோ புது மாதிரித் தோல் அனுப்பியிருக்கிறார் என்று மனிதர் நினைத்துவிட்டார்.

"கை வெச்சா வழவழன்னு போவுது, கண்ணுக்குக் கீறல் தெரியுது. இன்னா ஃபினிஷிங்டா இதுன்னு நானே பேஜாராயிட்டேன்" என்றார். பிறகு தயங்கி, "இன்னா மாடு மேடம் இது? முள்ளுக்காட்டுலயே பொறந்து வளந்த மாடா? இவ்ளோ கீறல் ஜாஸ்தியா நான் பார்த்ததே இல்ல."

ஜேக்கப் சிரித்துவிட்டான். நான் அவனைப் பார்த்த பார்வையில் அடங்கினான்.

"இது மாடு இல்ல, கடலோட தரை" என்றேன். "இதை இப்பவே துடைச்சி எடுங்க."

"துடைச்சா மை கூடவே வந்துரும் மேடம். மெழுகு கலர் இது." அதுவும் சரிதான். நாற்காலியில் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை இந்த மஞ்சள் கிறுக்கலோடு போய் நிற்கப்போகிறேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது, அடக்கவும் தோன்றவில்லை. முனிரத்தினம் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"கடலோ மாடோ, மார்க்கு தப்புன்னா சொல்லுங்க மேடம், ஒத்துக்கறேன்" என்றார். "பதினாறு வருசமா பாக்குறேன். சும்மா கை போன போக்குல போடல."

அந்தக் குரலில் ஒரு ரோஷம் இருந்தது. தேர்வாளரின் அறிக்கையைப் படித்தபோது எனக்கு வந்த ரோஷம் அதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்ப் பார்த்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். எல்லாம் வட்டம் இல்லை. சில கோடுகளின் மேல் பெருக்கல் குறி இருந்தது.

"இது ஏன் பெருக்கல்?"

"அது மெஷின் மார்க்கு மேடம். வட்டம் போட்டதெல்லாம் உயிர் மார்க்கு. மாடு உயிரோட இருக்கும்போது பட்டது. மெஷின் மார்க்குன்னா டேனரிக்காரன் தப்பு, அவனுக்கு எழுதி அனுப்பணும். அதான் தனித்தனியா போடுவோம்."

"ரெண்டும் கோடுதானே. எப்படித் தெரியும்?"

என்னை ஒரு மாதிரி பார்த்தார். வகுப்பில் யாராவது கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டால் நான் பார்க்கிற பார்வை அது. பிறகு படத்தின் வலது கீழ் மூலைக்கு என்னைக் கூட்டிப்போனார்.

"தோல மெலிசாக்குற மெஷின்ல முழுத் தோலும் ஒரே தரம் போவாது. பாதி வரைக்கும் உட்டு இழுத்து, தோல திருப்பி, மீதிப் பாதிய உடுவாங்க. அப்போ மெஷின் கோடு இன்னா ஆவும்? திருப்புன இடத்துல ஒடஞ்சி, வேற பக்கமா போவும். இதோ பாருங்க, இந்த மெல்லிசு கோடுங்க எல்லாம் இங்க வந்து ஒடையுது. இங்கதான் திருப்பியிருக்கான்." விரலை அந்த இடத்தில் வைத்தார். "ஆனா இந்தப் பெரிய கீறலுங்க ஒடையல. இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கத்துக்கு அப்படியே நேரா போவுது. திருப்புறதுக்கு முன்னாடியே, உயிரோட இருக்கும்போதே பட்டது மேடம். மெஷின் மேல பழி போட முடியாது."

கைப்பையிலிருந்து கப்பல் போன பாதையைக் குறித்து வைத்திருந்த நோட்டை எடுத்தேன். அந்த மூலையில், எதிரே மிதந்து வந்த பனியைத் தவிர்க்கக் கப்பல் ஒரே ஒரு இடத்தில் திசை மாறியிருக்கிறது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். முனிரத்தினத்தின் விரல் இருந்த இடத்துக்கும் அதற்கும் அரை அங்குலம்கூட வித்தியாசம் இல்லை.

கப்பலையே பார்க்காத மனிதர், கப்பல் திரும்பிய இடத்தைத் தொட்டுக் காட்டிவிட்டார்!

கப்பல் போட்ட கோடுகள் கப்பலோடு திரும்பியிருந்தன. பனி போட்ட கோடுகள் திரும்பவில்லை. அந்த மூலை என் அச்சில் நான்கு தாள்களாகப் பிரிந்து கிடந்தது. கணினித் திரையிலும் அதைத் துண்டு துண்டாகத்தான் நான் பார்த்திருக்கிறேன். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட முழுத் தோலாக விரித்துப் பார்க்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, அதே சமயம் மேசை மேல் ஏறி ஆடலாம் போலவும் இருந்தது. ஜேக்கப்பைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். "அக்கா, விடு, ஒர்க்கர்ஸ் பாக்குறாங்க" என்று அவன் நெளிந்தான்.

சந்தோஷத்தில் ஒரு சின்ன முள்ளும் இருந்தது. என் நாலாம் அத்தியாயத்தில் பனி போட்டவை என்று நான் எழுதிய கோடுகள் நாற்பத்தொன்று. அவற்றில் ஏழின் மேல் பெருக்கல் குறி விழுந்திருந்தது. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன், ஏழும் அந்த இடத்தில் உடைந்தன. தேர்வாளர் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருந்தது.

"நாப்பத்தொண்ணுல இந்த ஏழை மட்டும் உயிர் மார்க்குன்னு மாத்த முடியாதா?" என்று விளையாட்டாகக் கேட்டுப் பார்த்தேன்.

முனிரத்தினம் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "முடியாது மேடம். அப்புறம் மீதி முப்பத்தி நாலையும் எவன் நம்புவான்?"

மணி 4.10. படம் காய்ந்தது. வெளியே வெயில் இறங்கியிருந்தது. முனிரத்தினமே பதமாகச் சுருட்டிக் குழாய்க்குள் விட்டார். சுருட்டுவதற்கு முன் பின்பக்கத் துணியில் ஏதோ எழுதினார். ஜேக்கப் வண்டிக்கு நேரமாயிற்று என்று கத்திக்கொண்டிருந்ததால் நான் அதைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் இந்தத் தடவை வேறு நடத்துநர். குழாய்க்கு டிக்கெட் கேட்கவே இல்லை. நானாகவே அரை டிக்கெட் எடுத்தேன். அன்று என் கடல் ஓசியில் பயணம் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை, காலை 10.00. சென்னை, பல்கலைக்கழகத்தின் சிறிய அரங்கு. வேலூரிலிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டர். என் வீட்டுக்காரர் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்திருந்தார். வருகிறேன் என்று அவர் சொன்னதே எனக்குப் பாதிப் பட்டம். கரும்பலகையின் மேல் கயிறு கட்டிப் படத்தை மாட்டினோம். மொத்தம் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

புறத்தேர்வாளர் மெலிந்த, வெள்ளைத் தாடி வைத்த மனிதர். படத்தைப் பார்த்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"இது என்ன மஞ்சள் மார்க்? குழந்தைகள் யாராவது விளையாடிவிட்டார்களா?"

"இல்லை சார். செலக்‌ஷன் பார்த்திருக்கு."

ஆம்பூரில் நடந்ததைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை, நான் அழுததை மட்டும் விட்டுவிட்டேன். மெஷினில் தோலைத் திருப்புவதைச் சொன்னேன், பிறகு நோட்டைத் திறந்து கப்பல் திரும்பிய இடத்தைக் காட்டினேன். அவர் எழுந்து வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு கீறலைப் பிடித்து விரலை ஓட்டிக்கொண்டே போனார். திருப்பத்தைத் தாண்டியும் விரல் நேராகவே போனது. இன்னொன்றைப் பிடித்தார், இன்னொன்றை. அரங்கில் ஒருவர் இருமினார், பக்கத்தில் இருந்தவர் அவரை முறைத்தார்.

"பெருக்கல் குறி போட்ட ஏழு?" என்று திரும்பாமலே கேட்டார்.

"அது உங்களுடையது சார். கப்பல் போட்டது. ஏழையும் எடுத்துவிடுகிறேன்."

அப்போதுதான் திரும்பினார், சிரித்தார். "நான் கப்பலில் இருந்த காலத்தில் இந்த ஆளை யாராவது கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம்" என்றார்.

பகல் 11.40. நாலாம் அத்தியாயம் முப்பத்து நான்கு கோடுகளோடு நிலைத்தது. பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகத் தேர்வுக் குழுத் தலைவர் அறிவித்தார், பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். என் வீட்டுக்காரர் எழுந்து நின்று தட்டினார். கண்ணால் பார்க்காத கடலில் பனி நகர்ந்த திசையை வேலூர்க்காரி ஒருத்தி சொன்னாள் என்பது அன்றைக்குக் காகிதத்தில் ஏறிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கயிற்றை அவிழ்த்தபோது படம் புரண்டு, பின்பக்கம் தெரிந்தது. வெள்ளைத் துணியில், கொட்டைக் கொட்டையான மஞ்சள் எழுத்தில், 'ரிஜெக்ட்' என்று இருந்தது. கீழே முனிரத்தினத்தின் கையெழுத்து.

தலைவர் என்னைப் பார்த்தார், நான் துணியைப் பார்த்தேன். தோலின் தரத்தைப் பின்பக்கத்தில்தான் எழுதுவார்கள் என்று ஜேக்கப் எப்போதோ சொன்னது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தழும்பு இவ்வளவு ஜாஸ்தியாக இருக்கும் தோலை எந்தச் செலக்டரும் பாஸ் பண்ண மாட்டார்.

"இது யாருடைய அறிக்கை?" என்றார் வெள்ளைத் தாடி.

"முதல் தேர்வாளருடையது சார்" என்றேன். "ரிஜெக்ட் பண்ணும் அளவுக்கு உண்மையான கீறல் இருக்கிறது என்று அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்."

அரங்கம் சிரித்த சிரிப்பில் கடைசி வரிசையில் இருந்தவர் மறுபடி இருமினார். அந்தத் துணியைத் தன்னிடம் தரமுடியுமா என்று தேர்வாளர் கேட்டார். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பகல் 12.15. வாசலுக்கு எதிரே எஸ்டிடி பூத். வீட்டுக்குக்கூடப் பேசவில்லை, முதலில் ஆம்பூருக்குத்தான் போட்டேன். ஜேக்கப் எடுத்து, கத்திக் கூப்பிட, முனிரத்தினம் வந்தார்.

"பாஸாயிடுச்சி" என்றேன்.

"நல்லது மேடம். அந்த ஏழு கோடு இன்னாச்சி?"

"சபையிலேயே எடுத்துட்டேன்."

"அவங்க முன்னாடியேவா?"

"அவங்க முன்னாடியே."

"அப்போ நான் போட்ட மார்க்கு ஒண்ணுகூட தப்பு இல்லன்னு பெரியவங்க ஒத்துக்கினாங்க."

"ஒண்ணுகூட இல்ல."

ரிசீவரைக் கையால் பொத்தாமலே அந்தப் பக்கம் திரும்பி அவர் குரல் கொடுத்தது எனக்குக் கேட்டது: "ஏய், நம்ம ரிஜெக்ட் பாஸ்!"

அதன் பிறகு கேட்ட சத்தம் முதலில் எனக்குப் புரியவில்லை. லாஸ்ட்டுகளை எடுத்து மேசையில் தட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு ஹால் முழுவதும். பூத்தில் கட்டணம் காட்டும் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கடைக்காரர் என்னைப் பார்த்தார், வரிசையில் பின்னால் நின்றவர் செருமினார். அவர்கள் தட்டி முடிக்கும்வரை நான் ரிசீவரை வைக்கவில்லை.